ஜீயபுரத்தார் நமக்கு என்ன முறை?

8-6-59, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. அம்மா மண்டபம் படித்துறைக்குக் கீழே காவிரி வெறும் மணல். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர இன்னும் ஒரு வாரமாவது ஆகுமாம்.

இன்று செய்ய வேண்டியவை: உளுந்து காயவைக்க. மூக்குக்கண்ணாடிக் கம்பியைச் சரிசெய்ய. கமலாவின் நிச்சயதார்த்த நாளைச் சொல்லி முத்தையா அண்ணனுக்குக் கார்டு போட.

கார்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அண்ணனே வந்து நின்றார், அரியமங்கலத்திலிருந்து பஸ் மாறி. மோர் கொடுத்தேன், தொடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று சொன்னார்.

"ஜீயபுரம் சுப்பராயன் யாருன்னு நெனச்சே? நம்ம பங்காளிம்மா. அய்யாக்கண்ணு தாத்தா வம்சம். அவன் மகன் கமலாவுக்கு அண்ணன் முறை. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணமா பண்ணப்போறே?"

போய்விட்டார். மோர் அப்படியே இருக்கிறது. உளுந்தைக் காயவைக்க மறந்தேன்.

தெரிந்ததை முதலில் எழுதிவிட வேண்டும். வகுப்பிலும் அப்படித்தான். கணக்கு வரவில்லை என்று அழுகிற பெண்ணிடம், உனக்குத் தெரிந்ததை மட்டும் பலகையில் எழுது என்பேன். பாதி அழுகை அதிலேயே நின்றுவிடும்.

தெரிந்தவை. கமலா என் தம்பி மகள். தம்பியும் அவன் மனைவியும் போனபின் நான் வளர்த்தவள். இருபத்தாறு வயது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. இரண்டு வரன்கள் ஜாதகத்தில் தட்டிப்போயின. இது மூன்றாவது. சுப்பராயன் மகன் நடராஜன், பொன்மலை ரயில் பட்டறையில் ஃபிட்டர். வந்தான், பார்த்தான். அவன் போனபின் நான் கேட்கும் முன்பே கமலா தலையசைத்தாள். முதல் இரண்டுக்கும் அவள் அப்படி அசைத்ததில்லை. ஆடி பிறப்பதற்குள் நிச்சயம், ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. தம்பி இல்லாததால் தகப்பன் ஸ்தானத்தில் நின்று தாரை வார்க்க வேண்டியவர் முத்தையா அண்ணன், என் பெரியப்பா மகன். (இனி மு.அ.) அவர் வராவிட்டால் உறவு முழுவதும் வராது.

தெரியாதது ஒன்றே ஒன்று. ஜீயபுரத்தார் எங்கள் கொள்ளுத்தாத்தா அய்யாக்கண்ணுவின் மகன் வழியா, மகள் வழியா?


9-6-59, செவ்வாய்

கமலாவிடம் மறைக்க முடியவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவளுக்குக் காப்பி கொடுக்கும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகத்தான் பேசினாள்.

"முறை இல்லேன்னா எனக்கு வேணாம் அத்தை. ஆனா யாரோ சொன்னாங்கன்னு வேணாம்னு சொல்லாதீங்க. தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க."

பிறகு தூங்கப் போனாள். தூங்கவில்லை. கட்டில் கயிறு முனகிக்கொண்டே இருந்தது.

மு.அ. சொல்லும் சாட்சி ஒரு பித்தளை அண்டா. எப்போதோ வாழைத்தார் விஷயமாக ஜீயபுரம் போனபோது சுப்பராயன் வீட்டில் பார்த்தாராம். விளிம்பில் 'ஸ்ரீரங்கம் அய்யாக்கண்ணு' என்று பெயர் வெட்டியிருக்கிறதாம்.

குலதெய்வம் ஒன்றுதானே என்று வேறு கேட்டார். ஒன்றுதான், சமயபுரத்தாள். ஆனால் சமயபுரத்தாள் பாதி ஜில்லாவுக்குக் குலதெய்வம். அதை வைத்துப் பார்த்தால் திருச்சியில் யாரும் யாரையும் கட்ட முடியாது.

வீட்டில் உட்கார முடியவில்லை. தெற்கு வாசல் வரை நடந்து போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் அரை வீசை கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கமலாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது.


11-6-59, வியாழன்

கலெக்டர் ஆபீஸ் ரிக்கார்டு ரூம். பழைய மாணவியின் கணவர் அங்கே குமாஸ்தா. டீச்சரம்மா என்று நாற்காலி போட்டார். தூசி, தும்மல், மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும் என்று அதுவும் இல்லை.

நிலப் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தா அகப்பட்டார். ஆற்றோரம் வாழைக்கொல்லை, சிறியது. பின்னால் வந்த பதிவேட்டில் அதே நிலத்துக்கு நேரே 'ஆற்றில் போயிற்று' என்று இரண்டே சொல். வெள்ளத்தில் கரை உடைந்து கொல்லை போயிருக்கிறது. அப்புறம் தெற்குப் பக்கத்தில் வேறு துண்டு, குத்தகை. அதற்கும் பின்னால் பெயர் மாறி என் தாத்தா கருப்பண்ணன். ஒரு மனிதனின் வாழ்க்கை மூன்று வரி. கரை உடைந்த அன்று அவர் என்ன செய்தார், எங்கே நின்று பார்த்தார் என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

ஜீயபுரம் பதிவேட்டையும் புரட்டச் சொன்னேன். அங்கேயும் ஓர் அய்யாக்கண்ணு! குமாஸ்தாவுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. ஆண்டுகளைப் பார்த்தால் இவர் பேரன் வயதுக்காரர். சுப்பராயனின் அப்பாவாக இருக்க வேண்டும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். ஆனால் முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர் என்றால், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். ஆகவே மகன் பிள்ளைக்கும் அந்தப் பெயர் வரும், மகள் பிள்ளைக்கும் வரும். இந்த அய்யாக்கண்ணு முதல் பையனா இரண்டாவதா? பதிவேடு சொல்லாது. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் செல்லரித்து ஓட்டை.

ஒன்று கவனித்தேன். அத்தனை பெரிய புத்தகங்களிலும் ஒரு பெண் பெயர்கூடக் கண்ணில் படவில்லை. இன்னார் மகன், இன்னார் மகன் என்றே போகிறது. கொள்ளுத்தாத்தாவுக்கு மகள் இருந்திருந்தாலும் இந்த அறையில் அவள் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம்: "பொண்ணு பாக்கறது சுலபம்டி, முறை பாக்கறதுதான் கஷ்டம்." எனக்கென்றே சொன்ன மாதிரி. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.


12-6-59, வெள்ளி

ரிஜிஸ்தர் ஆபீஸ். அண்ணன் தம்பிகள் பிரிந்திருந்தால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்கலாம் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தார்கள். இல்லை.

இல்லை என்பதால் என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் பாதிப் பேர் மரத்தடியில் நாலு பேரை வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். வகுப்பில் சொல்வேன்: பானையைத் திறந்து பார்த்தேன், பூனை இல்லை. அதனால் வீட்டிலேயே பூனை இல்லை என்று ஆகிவிடுமா? பெண்கள் சிரிப்பார்கள். இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணாடிக் கம்பி இன்னும் சரிசெய்யவில்லை. நூல் கட்டியிருக்கிறேன்.


14-6-59, ஞாயிறு

ஜீயபுரம் போய் வந்தேன். தனியாக. கமலா வரவில்லை என்றாள், அதுதான் சரி.

வாய்க்கால் வறண்டு கிடக்கிறது, வாழை மட்டும் கிணற்றுத் தண்ணீரில் பச்சை. சுப்பராயனும் மனைவியும் நன்றாகத்தான் உபசரித்தார்கள். ஆனால் மு.அ. பேச்சு அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது. எப்படித் தெரிந்தது என்றால், சுப்பராயன் என்னை ஒரு தடவைகூட முறை சொல்லிக் கூப்பிடவில்லை. அக்கா என்றால் பங்காளி ஆகிவிடும். அண்ணி என்றால் நான் பிடிவாதமாகப் பெண் கொடுக்க வந்த மாதிரி ஆகிவிடும். வெறும் "டீச்சரம்மா"தான். சம்பந்தி ஆகப்போகிறவர்கள் ஒருவரை ஒருவர் உத்தியோகம் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அண்டாவைக் காட்டினார்கள். புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள் அந்த அம்மாள். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. 'ஸ்ரீரங்கம் அய்யாக்கண்ணு'. வேறு ஒரு சொல் இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன். கொள்ளுத்தாத்தா கை பட்ட பொருள் என் கை பட்டது இதுவே முதல் தடவை. கொல்லை ஆற்றோடு போனபின் வாங்கியதா, அதற்கு முன்பா? இவ்வளவு கனமான பித்தளை வாங்க எத்தனை தார் வெட்டியிருப்பார்!

இப்போது இரண்டு வழி. அண்ணன் தம்பி பிரியும்போது பாத்திரத்தையும் பங்கு போடுவார்கள். அப்படி வந்த அண்டா என்றால் இவர்கள் பங்காளி, கல்யாணம் இல்லை. மகளைக் கட்டிக்கொடுக்கும்போது சீர்ப் பாத்திரத்தில் தகப்பன் பெயரை வெட்டிக் கொடுப்பார்கள். அப்படி வந்த அண்டா என்றால் இவர்கள் மாமன் மச்சான், நடராஜன் கமலாவுக்கு முறை மாப்பிள்ளையே. அதே அண்டா, அதே பெயர். அண்டா வாய் திறந்துதான் இருக்கிறது, பேசத்தான் மாட்டேன் என்கிறது.

சுப்பராயனிடம் கேட்டேன், உங்கள் அப்பாவைப் பெற்ற அம்மா யார், எந்த ஊர் என்று.

"அப்பாயின்னுதான் தெரியும் டீச்சரம்மா. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. பேரு தெரியாது. ஆத்துக்கு அந்தாண்ட ஊர்னு அப்பா சொல்லுவாரு."

ஆற்றுக்கு அந்தாண்டை என்றால் ஸ்ரீரங்கமும்தான், இன்னும் நூறு ஊரும்தான்.

புறப்படும்போது நடராஜன் பஸ் வரை வந்தான். தலைகுனிந்து நடந்தான். பஸ் ஏறும்போது மட்டும் கேட்டான்: "கமலா நல்லா இருக்காங்களா?" இருக்கிறாள் என்றேன்.


15-6-59, திங்கள்

புழுக்கம். மனசு நிலைகொள்ளவில்லை. அலமாரியைப் பிரித்து அடுக்கினேன், பழைய இடத்திலேயே மறுபடி அடுக்கினேன்.

கமலா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் நாள் முழுதும் ஊராரின் பேச்சை ஒருவருக்கொருவர் இணைத்துவிடுகிறவள், தன் விஷயத்துக்கு வாய் திறப்பதில்லை.

இவ்வளவு தேடுகிறேனே, மகன் வழி என்றே தெரிந்துவிட்டால்? அதையும் நான்தானே அவளிடம் சொல்ல வேண்டும்?


17-6-59, புதன்

இன்று நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

அரியமங்கலம் போனேன். மு.அ. வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் தகரம் அடிக்கிற சத்தம், ஒவ்வொரு பேச்சையும் இரண்டு தடவை பேச வேண்டியிருந்தது. நான் போனது கெஞ்ச. வேறு வழி இல்லை. பதிவேட்டில் இல்லை, பத்திரத்தில் இல்லை, சந்தேகத்தின் பலனைப் பெண்ணுக்குக் கொடுங்கள் என்று கேட்கலாம் என்றுதான் போனேன்.

ஜீயபுரம் என்ற பேரை எடுத்ததும் கோபம் வந்துவிட்டது அவருக்கு. அவர்களைப்போல மரியாதை கெட்ட பங்காளி உலகத்தில் இல்லை என்றார். ஏன் என்றேன். தாத்தா கருப்பண்ணன் செத்தபோது நடந்ததைச் சொன்னார். நான் அப்போது கைக்குழந்தை, எனக்கு ஒன்றும் தெரியாது. இவர் சிறுவன். கருமாதி அன்று ஆற்றங்கரையில் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் மொட்டை. இவருக்கும். அழ அழப் பிடித்து உட்காரவைத்து அடித்தார்களாம், காதோரம் வெட்டுக் காயம்கூட. சுப்பராயன் அப்பா மட்டும் குடுமியை எண்ணெய் தடவி முடிந்துகொண்டு வந்தாராம். புது வேட்டி, துண்டு எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டு, முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாராம்.

"எனக்குத் தலையெல்லாம் எரியுது. அவன் மட்டும் குடுமியை ஆட்டிக்கிட்டு வடை சாப்பிடுறான். பங்காளின்னா மொட்டை அடிக்க வேணாமா? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அவங்க மனுஷங்களே இல்லைன்னு."

தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிள்ளை தானே விடை சொல்லிவிட்டு, சொன்னது தெரியாமல் நிற்கும்போது வாத்தியார் குறுக்கே விழக் கூடாது. மெல்லக் கேட்டேன்.

"அண்ணே, நம்ம வீட்டுல சாவுன்னா மொட்டை யாருக்கு?"

"பங்காளிங்களுக்கு. இதென்ன கேள்வி?"

"வேட்டி துண்டு கொண்டாந்து வைக்கிறது?"

"மாமன் மச்சான்..."

அண்ணி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள்.

"ஆக, முறையா வந்து கோடி போட்டுட்டுப் போன மனுஷன் மேல இத்தனை வருஷமாக் கோவம். எதுக்கு? ஒரு குடுமிக்கு. நல்லா இருக்கே."

மு.அ. அவளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. செத்தவர் சுப்பராயன் அப்பாவுக்குத் தாய்மாமன் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது என்று நான் சொன்னேன். மொட்டை இல்லாதது, கோடித்துணி, அண்டா, ஆற்றுக்கு அந்தாண்டை ஊரிலிருந்து போன அந்த அப்பாயி. கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு மகள் இருந்திருக்கிறாள். அவளோடு போனதுதான் அண்டா.

மு.அ. காதோரத்தைத் தடவிக்கொண்டே பேசினார். "நான் அப்போ சின்னப் பய. சரியா ஞாபகம் இல்லை. மொட்டை அடிச்சிருந்தாலும் அடிச்சிருப்பாங்க."

அத்தனை வருஷம் காதோரம் தழும்போடு வைத்திருந்த ஞாபகத்தை ஒரு நிமிஷத்தில் இல்லை என்றுவிட்டார். கோபத்தை விடுவதைவிட ஞாபகத்தை விடுவது அவருக்குச் சுலபமாக இருக்கிறது.

இவர்களோடு பேச்சு எப்படி நின்றது என்று அண்ணியைக் கேட்டேன். வாழைக்கன்று வாங்கியதில் பெரியப்பாவுக்கும் அவர்களுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறாளாம். அதோடு போக்குவரத்து நின்றது. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். சொந்தம், ஆனால் பேச்சில்லை என்பது மட்டும் மிஞ்சியது. பேச்சில்லாத சொந்தம் என்றால் பங்காளியாகத்தான் இருக்கும் என்று மு.அ. தானே முடிவுகட்டிவிட்டார். நம் ஜனங்களில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். வரப்புச் சண்டை, கோர்ட், பேச்சில்லாமை எல்லாம் பங்காளிக்குள்தானே.


18-6-59, வியாழன்

முனிசிபல் ஆபீஸ். இறப்புப் பதிவு. தாத்தா கருப்பண்ணன், காரணம் ஜுரம். அவ்வளவுதான். வருஷத்தைக் குறித்துக்கொண்டேன். அண்ணி நேற்று மு.அ. ஜாதகம் பார்த்துச் சொன்ன பிறந்த வருஷத்தைக் கழித்தேன். அன்று அவருக்கு ஒன்பது வயது.

ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எத்தனை வருஷம் பாடம் சொல்லியிருக்கிறேன். வாய்ப்பாட்டை மறப்பார்கள். யாருக்கு வடை கிடைத்தது, யாருக்கு அடி கிடைத்தது என்பதை மறக்கவே மாட்டார்கள்.

இதை அப்படியே கார்டில் எழுதி மு.அ.வுக்குப் போட்டேன். போட்டபின் பயம். ரொம்பக் குத்திவிட்டேனோ?


20-6-59, சனி

தண்ணீர் வந்துவிட்டது. காலையில் தெருவே படித்துறையில். செம்மண் கலங்கல், நுரை, சருகு. கமலா காலை நனைத்துக்கொண்டு நின்றாள்.

மு.அ.விடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரன் வரும் நேரமெல்லாம் வாசலில் நின்றேன். இல்லை டீச்சர் என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போனான்.

அவர் வராவிட்டால் என்ன செய்வது? நானே தாரை வார்க்கலாமா? பெண் தாரை வார்த்து யார் பார்த்திருக்கிறார்கள்? சுப்பராயன் ஒத்துக்கொள்வாரா? ஜீயபுரத்தாருக்கு என் வார்த்தை போதாது, எங்கள் வீட்டு மூத்த ஆண் சொல்ல வேண்டும். மகள் வழி என்று நான் கண்டுபிடித்ததைச் சொல்ல ஒரு மகன் வழி ஆள் வேண்டியிருக்கிறது.

சாதம் குழைந்துவிட்டது.


21-6-59, ஞாயிறு

காலையில் மு.அ. வந்தார். வெள்ளை ஜிப்பா, சவரம் செய்த முகம். கார்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பு, ஜீயபுரம் போகலாம் என்றார். கமலாவைப் பார்க்காமலே அவள் கொடுத்த காப்பியைக் குடித்தார், முழுக்க.

பஸ்ஸில் பேசவில்லை. நான் வாயைத் திறந்தால் கெட்டுவிடும் என்று நானும் பேசவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் தாளம் போட்டுக்கொண்டே வந்தன. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்திருந்தது.

சுப்பராயன் வாசலுக்கே வந்துவிட்டார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்கண்ணே" என்றார். பங்காளி என்று நீங்களே சொன்னபின் நான் என்ன செய்ய என்பதுபோல இருந்தது அந்த அண்ணே. அவர் மனைவி கதவோரம். நடராஜன் கிணற்றடியில் வாளியோடு நின்றுவிட்டான்.

மு.அ. உட்காரவில்லை. அண்டா எங்கே என்று கேட்கவில்லை. சுப்பராயனை மேலும் கீழும் பார்த்தார். சுப்பராயன் தலை நல்ல வழுக்கை, ஒரு முடி இல்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கப்பா அன்னைக்கு அடிக்காத மொட்டையெல்லாம் சேத்து வச்சு உங்களுக்கு வந்துருக்கு, மச்சான்."

பங்காளியைக் கேலி பேசுகிறவர் இல்லை மு.அ. எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். மச்சானைத்தான் அப்படிப் பேசலாம், பேசாவிட்டால்தான் குற்றம். சுப்பராயன் தன் தலையைத் தடவிக்கொண்டார். முதலில் சிரித்தது அவர் மனைவி. அப்புறம்தான் அவர்.

"அதுக்கென்ன மச்சான், கல்யாணச் செலவுல நாவிதருக்குக் குடுக்கறது மிச்சம். உள்ள வாங்க."

நடராஜன் வாளியை விட்டுவிட்டான். கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

நிச்சயம் வரும் ஞாயிறு. மாலை பஸ்ஸில் திரும்பினோம், மு.அ. அரியமங்கலம் பஸ் பிடிக்கச் சத்திரம் ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டார். வீட்டில் கமலா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

உன் பெரியப்பா உன் மாமனாரின் வழுக்கையைக் கேலி பண்ணிவிட்டார் என்றேன்.

முறம் மடியிலேயே இருந்தது. "என்ன சொன்னார்?"

சொன்னேன். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து சொல்லுங்க என்றாள். சொன்னேன். மச்சான்னு சொன்னாரா, நிஜமாவே மச்சான்னு சொன்னாரா என்றாள். மறுபடி சொன்னேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடி கூப்பிடுகிறாள்.